பயணத் திட்டத்துக்கு எந்த வேகத்தைப் போடுவது?

பாய்மரப் படகில் கரையோரப் பயணம் திட்டமிடும்போது பலர் ஜிபிஎஸ் காட்டிய உச்ச வேகத்தை வைத்தே கணக்குப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அலை தூக்கிவிட்ட இரண்டு நொடியின் வேகம் அது.

நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது மிதக்கும் படகு நீர்மட்டத்தில் இருக்கும் நீளத்தை, அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். 25 அடி என்றால் 5 × 1.34 = 6.7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). கனமான பயணப் படகுக்கு ஏறத்தாழ அதுதான் உச்சவரம்பு. திட்டத்தில் 4.5, மிஞ்சினால் 5 நாட் போடுங்கள். அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் பிடித்திருந்தால் அதுவும் வராது.

கணக்கை அதிகம் கெடுப்பது எதிர்க்காற்று. பாய்மரத்தில் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது; 45 டிகிரியில் இருபக்கமும் மாறி மாறி ஏறினால் 20 கடல் மைல் 28 ஆகிவிடும். படகு 5 நாட்டில் ஓடும், இலக்கை நெருங்குவதோ 3.5 நாட்டில்தான்.

நீரோட்டம் பாதித் தூரம் சாதகம், பாதி எதிர் என்றால் சரிக்குச் சரி கழிந்துவிடாது. 30 கடல் மைலை 5 நாட் வேகத்தில் கடக்க 6 மணி நேரம். முதல் 15 மைல் 6 நாட்டிலும் மீதி 4 நாட்டிலும் போனால் 6 மணி 15 நிமிடம். எதிர்நீரில்தான் அதிக நேரம் இருக்கிறோம், அதனால்.

வேகம் 3 நாட்டுக்குக் கீழே இறங்கினால் எஞ்சினைப் போடுவது என்று கிளம்பும் முன்பே முடிவெடுத்துவிடுங்கள்.