கப்பல்காரி

நான் செய்த தப்பு ஒன்று இன்னும் ஒரு பங்களா விறாந்தையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. நுவரெலியாப் பக்கம், தொரைமார் காலத்துப் பங்களா, இப்போது ஹோட்டல். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு மரப் பெண். ஒரு கை மார்பில். போர்த்திய துணி காற்றில் பின்னால் பறக்கிறது. இடுப்புக்குக் கீழே கால் கிடையாது, இலைச் சுருளாக முடிந்துபோகிறாள். பழைய பாய்க்கப்பல் ஒன்றின் அணியத்தில், அதாவது முன்முனையில், பொருத்தியிருந்த முகப்புச் சிலை. யார், எப்போது மலைக்கு ஏற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் சிலர் மாதா என்று நினைத்துக் கும்பிடுவார்கள். சமையல்கார அப்பு மட்டும் 'கப்பல்காரி' என்பார்.

2012 டிசம்பரில் ஹோட்டல் திறக்க வேண்டும். பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. "பளபளன்னு ஆக்கிக் குடுங்க பாஸ்" என்றார் மேனேஜர். நான் அப்போதுதான் கொழும்பில் ஃபைபர் கிளாஸ் வேலை பழகிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். கையில் புது வித்தை இருந்தால் சும்மா இருக்க முடியுமா? கழுத்திலிருந்து இடுப்புவரை ஃபைபர் ஒட்டி, ரெசின் பூசி, மேலே மூன்று கோட் வெள்ளை அடித்தேன். எனக்குத் தச்சு வேலை சொல்லிக் கொடுத்த மாமா வந்து பார்த்தார். விரலால் தட்டினார். "மரத்துக்கும் மூக்கு இருக்குடா. பொத்திட்டியே" என்றார். கிழவர் பேச்சு என்று விட்டுவிட்டேன். காசும் வாங்கியாயிற்று.

ஏழு வருஷம் கழித்து ஹோட்டலிலிருந்து போன். சிலைக்கு அடியில் தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் சொட்டுகிறதாம்.

போய்த் திருப்புளிப் பிடியால் தட்டிப் பார்த்தேன். தோளில் 'டொக்' என்றது. வயிற்றில் 'பொத்'. ரெசின் தோலை அறுத்து எடுத்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. உள்ளே மரம் மரமாக இல்லை. விரல் போன இடமெல்லாம் ஈரத் தூளாக உதிர்ந்தது. தேயிலை ஸ்டோரில் சல்லடைக்குக் கீழே விழும் டஸ்ட் தூளை நனைத்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. காரணம் சின்னது. அவளைக் கப்பலோடு இறுக்கியிருந்த இரும்பு ஆணிகளின் ஓட்டைகள் முதுகில் இருந்தன. அவற்றை நான் அடைக்கவில்லை. மூடுபனியும் சுவர் ஈரமும் அந்த வழியாக உள்ளே போயின. வெளியே வருகிற வழியைத்தான் அடைத்து வைத்திருந்தேன். மாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அதுதான் இன்னும் கஷ்டம்.

அப்புறம் தேடிப் படித்ததில் ஒரு அற்ப ஆறுதல். இங்கிலாந்தின் பிளிமத்தில் கடற்படைக் கப்பல்களின் முகப்புச் சிலைகள் பதினாலு இருக்கின்றன. 2020இல் அங்கே புது அருங்காட்சியகம் திறந்தபோது காட்சிக்கு வைத்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கும் முன்னொரு காலத்தில் யாரோ ஃபைபர் தோல் போட்டிருக்கிறார்கள். உள்ளே இதே கதிதான். ஒலி அலை விட்டு உளுத்த இடத்தைக் கண்டுபிடித்து, மாதக்கணக்கில் நிதானமாக உலர்த்தியிருக்கிறார்கள். என்னிடம் ஒலி அலை ஏது? திருப்புளிதான்.

நானும் அவசரப்படவில்லை. சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். சாக்குப் போட்டு மூடி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, ஒன்பது மாதம் ஆனது. பெயின்டைச் சுரண்டும்போது ஈயம் இருக்கும் என்பதால் முகமூடி போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் செய்தேன். என் வெள்ளைக்குக் கீழே இன்னொரு வெள்ளை, அதற்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மங்கிய காவி. கடலில் இருந்த காலமெல்லாம் அவளைக் காப்பாற்றியது இந்தத் திரும்பத் திரும்ப அடித்த பெயின்ட்தான். இந்த மாதிரிச் சிலைகளை முதலில் ஓக், எல்ம் மரங்களில் செதுக்கினார்கள், பிறகு எடை குறைந்த பைன். இவள் பைன். உளுத்ததைக் குடைந்து, காய்ந்த பைன் துண்டுகளை உள்ளே பொருத்தினேன். முதுகைத் திறந்தே விட்டேன். நீலத்தை அப்படியே வைத்துக்கொண்டேன், திட்டுத் திட்டாக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சுவரில் நேராக நிறுத்தியதால் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது போல அண்ணாந்து நின்றாள். கப்பலில் முன்னால் சாய்ந்தல்லவா இருந்திருப்பாள்? ஒரு தாங்கி செய்து சாய்த்து வைத்தேன். முகம் நேராக வாசலைப் பார்த்தது.

வாசலில் போர்டு வேறு: 'இலங்கையின் முதல் தேயிலையைக் கொண்டுபோன கப்பல்'. பாய்க்கப்பல் என்றாலே எல்லோருக்கும் கட்டி சார்க் என்ற பேர்போன பிரிட்டிஷ் கப்பல் ஞாபகம்தான். 1869இல் அதைக் கட்டியது சீனத் தேயிலைக்கு. அதே வருஷம் நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். செங்கடல் காற்றில் பாய்க்கப்பல் படாத பாடு படும். கால்வாய் நீராவிக் கப்பலுக்குத்தான் தோது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் தொரை, கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல். இங்கே மலையிலிருந்து தேயிலை பெட்டி பெட்டியாக இறங்கிய காலத்தில் கொழும்புத் துறைமுகம் நீராவிக் கப்பலுக்கு மாறிவிட்டது. இவள் கொழும்பில் சரக்கு ஏற்றியிருந்தால், அது கோப்பியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம்மவர்களும் முதலில் கோப்பிக்குத்தான் வந்தார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்தார்கள். கோப்பியை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட துரு நோய் இலையில் கண்டதும் அந்த 1869இல்தான்.

மேனேஜரிடம் சொன்னேன். "கோப்பின்னு போட்டா யார் பாஸ் படம் எடுப்பாங்க?" என்றார். கடைசியில் 'பழைய வணிகக் கப்பலின் முகப்புச் சிலை' என்று மட்டும் எழுதச் சம்மதித்தார். கைடுமார் இன்னும் தேயிலைக் கதைதான் சொல்கிறார்கள்.

வருஷா வருஷம் மே மாத மழைக்கு முன்னால் போய் அவள் முதுகுக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். போன தடவை காய்ந்துதான் இருந்தது. ஆணி ஓட்டையில் ஒரு சிலந்தி வலை. கலைக்காமல் கையை எடுத்துக்கொண்டேன்.