நம்மூர்ப் பெயர் சுமந்த கப்பலும் சின்னத்திரைப் பாய்மரங்களும்

உட்துறைமுகக் காற்றில் புத்தகம் புரட்டியவர்கள் நாம். ஆனாலும் 1782 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரெஞ்சுத் தளபதி சப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் திருகோணமலைக்கு வெளியே மோதிக்கொண்டதை வரலாற்று வகுப்பு ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்தச் சண்டையின் நினைவாகப் பெயரிட்ட எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கடற்கதைத் தொடர்களில் பைத்தியமாக இருக்கும் நம் பழைய மாணவர்களுக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அது 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பற்கட்டுநர் ஜம்செட்ஜி பொமன்ஜியின் கையில் உருவான தேக்குக் கப்பல். அதன் வரைபடங்களை ஏற்றிவந்த கப்பலை 1812இல் அமெரிக்கர் மடக்கியதால், மறுபடி பிரதி அனுப்பவேண்டி வந்தது. கப்பல் நீரில் இறங்கியபோது நெப்போலியன் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு காலம் தாங்கியதற்குத் தேக்கே முக்கிய காரணம். ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை ஆணியையும் காக்கும், மரத்தையும் காக்கும்.

இனி நெப்போலியன் காலத்துப் பிரித்தானியக் கடற்படையைப் பற்றி 1998இல் தொடங்கிய 'ஹோர்ன்ப்ளோவர்' தொலைக்காட்சித் தொடரைப் போட்டுப் பாருங்கள். கதையில் வரும் இன்டிஃபாட்டிகபிள் 44 பீரங்கிக் கப்பல். திரையில் அதுவாக நடித்தது துருக்கியின் மர்மாரிஸில் கட்டிய கிராண்ட் டர்க், அதைவிட எவ்வளவோ சிறியது. பீரங்கித் துளைகளை எண்ணினால் குட்டு வெளிப்பட்டுவிடும். டிரிங்கோமலி வகைக் கப்பலின் மேல்தளத்தில் பக்கத்துக்கு 14. கிராண்ட் டர்க்கில் அந்த எண்ணிக்கை தேறாது. இதற்காகத் தொடரைக் குறை சொல்வது அநியாயம். முழு அளவில் கட்ட எந்தத் தயாரிப்பாளரிடம் பணம் இருக்கிறது?

பின்காற்றில் கப்பல் ஓடும் காட்சியில் கொடியைக் கவனியுங்கள். காற்று கப்பலைவிட வேகமாக வருவதால் கொடி அணியம் (கப்பலின் முன்முனை) பக்கமாகவே பறக்கவேண்டும். பாய்கள் தொங்கியோ மரத்தோடு ஒட்டியோ கிடக்க, கொடி பின்னால் பறந்தால், கீழே எஞ்சின் ஓடுகிறது என்று அர்த்தம். சுக்கான் கட்டளையிலும் சறுக்குவார்கள். 1930கள் வரை பிரித்தானியக் கப்பல்களில் 'ஸ்டார்போர்ட்' என்றால் சுக்கான் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளு என்று பொருள். கப்பல் திரும்புவதோ இடப்பக்கம். நெப்போலியன் காலத்துக் கதையில் மாலுமி அந்தக் கட்டளைக்குக் கப்பலை வலப்பக்கம் திருப்பினால் சிரித்துக்கொள்ளலாம்.

வேகம் அளக்கும் காட்சி வந்தால் நிறுத்திப் பார்ப்பது நல்லது. கயிற்றின் நுனியில் ஈயம் பதித்த பலகைத் துண்டு; அதைப் பின்புறம் கடலில் போட்டால் அசையாமல் நிற்கும், கப்பல் விலக விலகச் சுருளிலிருந்து கயிறு ஓடும். 28 விநாடி மணல் கடிகாரம் தீர்ந்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, ஓடிய முடிச்சுகளை எண்ணுவார்கள். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். கடல்வேகத்தை இன்றும் 'நொட்' என்பது இதனால்தான். நனைந்து சுருங்கிய கயிற்றில் முடிச்சுகள் நெருங்கிவிடும், வேகம் கூடுதலாகத் தெரியும். கடிகார மணல் ஈரம் பிடித்து மெதுவாக விழுந்தாலும் அதே கதைதான். இவற்றால் பெரிய ஆபத்தில்லை: கரை வந்துவிட்டதென்று முன்கூட்டியே பயப்படுவார்கள், அவ்வளவுதான். கயிறு இழுபட்டு நீண்டுவிட்டாலோ வேகம் குறைவாகத் தெரியும். கணக்கில் கரை இன்னும் தூரத்தில் இருக்க, கப்பல் பாறையில் ஏறியிருக்கும். அதனால் அடிக்கடி கயிற்றை நனைத்து அளந்து முடிச்சுகளைத் திருத்துவார்கள். திரையில் இந்தத் திருத்தும் வேலையை மட்டும் ஒருவரும் காட்டுவதில்லை.