அடுப்புச் சுவருக்குக் கண்ணாடியா, டைல்ஸா?

சமையலறையைப் புதுப்பிக்கும் நண்பர்கள் இந்தக் கேள்வியுடன் வந்தால், நான் முதலில் விசாரிப்பது நிறத்தைப் பற்றியல்ல. அந்தச் சுவரில் எத்தனை பிளக் பாயிண்டுகள் வரப்போகின்றன என்பதைத்தான்.

காரணம் இருக்கிறது. அடுப்புக்குப் பின்னால் பதிப்பது டஃபன்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் 6 மி.மீ. தடிமன். அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர வைத்துத்தான் உறுதியாக்குகிறார்கள். அதன்பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் முழுக் கண்ணாடியும் பொடிப்பொடியாக நொறுங்கிவிடும். ஆகவே எல்லாத் துளைகளையும் முன்பே அளந்து கொடுத்தாக வேண்டும். பின்னாளில் ஒரு பிளக் கூட்ட ஆசைப்பட்டால் புதுக் கண்ணாடிதான். டைல்ஸில் ஒன்று உடைந்தாலும் அதை மட்டும் பெயர்த்து மாற்றிவிடலாம்.

ஆனால் தினமும் துடைப்பவர்களைக் கேளுங்கள், கண்ணாடி என்றுதான் சொல்வார்கள்! டைல்ஸ் என்னவோ எளிதில் அழுக்கேறாதுதான். ஆனால் டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் சிமென்ட் கிரவுட்தான் எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கிறது. அதற்குப் பதில், எண்ணெயை எளிதில் உறிஞ்சாத எபாக்சி பிசின் கலந்த கிரவுட் போட்டு, பெரிய டைல்ஸாகத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவலை பெருமளவு தீரும். இதைச் சொல்லாமல் டைல்ஸ் விற்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

வெள்ளை நிறம் விரும்புவோருக்கு இன்னொன்று. சாதாரணக் கண்ணாடியில் கலந்திருக்கும் இரும்பினால், பின்பக்கம் பூசிய வெள்ளை இளம்பச்சையாகத் தெரியும். இரும்பு குறைந்த கண்ணாடி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

சுவர் சமமாக இருந்து, பிளக் இடங்களும் முடிவாகியிருந்தால் கண்ணாடிக்கே என் வாக்கு. இல்லையென்றால் தயங்காமல் டைல்ஸ், எபாக்சி கிரவுட்டோடு.