யூசுஃப் கார்ஷின் படங்களோடு ஆறு நாள்கள்

28 டிசம்பர் 2024, சனி

ஒட்டாவாவின் ஷாட்டோ லோரியே விடுதிக்கு இன்று காலை போயிருந்தேன். திருட்டுப்போய், இத்தாலியில் கண்டுபிடிக்கப்பட்டு, சென்ற மாதம் மீண்டும் சுவரேறிய ‘உறுமும் சிங்கம்’ படத்தை, ஒளிப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷ் எடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் படத்தை, நேரில் பார்க்காமல் இந்த ஆண்டை முடிக்க மனம் வரவில்லை. படச்சட்டம் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லையே என்று 2022 ஆகஸ்டில் ஊழியர் ஒருவர் ஐயப்பட்ட பிறகுதான், அதுவரை பல மாதங்களாக அங்கே தொங்கிக்கொண்டிருந்தது போலிப் பிரதி என்பது தெரியவந்தது. கார்ஷுக்கு இந்த விடுதி வெறும் காட்சியிடம் அல்ல. 1973 முதல் 1992 வரை அவருடைய ஸ்டூடியோ இங்கேதான் இயங்கியது. மனைவி எஸ்ட்ரெலிட்டாவோடு அவர் பல ஆண்டுகள் குடியிருந்ததும் இங்கேதான்.

படத்தின் முன் அரை மணி நேரம் நின்றேன். சர்ச்சிலின் ஒரு கை இடுப்பில் ஊன்றியிருக்க, மற்றது நாற்காலியின் முதுகைப் பற்றியிருக்கிறது. அச்சுப் புத்தகங்களில் கருப்பாக அப்பிக்கிடக்கும் கோட்டில், இங்கே துணியின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. கைகளில் விழும் வெளிச்சம் முகத்தில் விழும் வெளிச்சத்தின் மிச்சம் அல்ல. கைகளுக்கென்று தனியாக விளக்கு வைப்பது கார்ஷின் வழக்கம் என்று படித்திருந்தேன். அதன் பொருள் இன்றுதான் விளங்கியது.

30 டிசம்பர், திங்கள்

அந்தப் படம் எடுக்கப்பட்டு இன்றோடு 83 ஆண்டுகள் ஆகின்றன. 1941இல் இதே நாளில் கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு, சபாநாயகரின் அறைக்குள் நுழைந்த சர்ச்சிலுக்கு, அங்கே கேமராவும் விளக்குகளும் காத்திருப்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. பிரதமர் மெக்கன்ஸி கிங்தான் ஏற்பாடு செய்திருந்தார். எரிச்சலோடு ஒரே ஒரு படத்துக்கு இசைந்தவர், கார்ஷ் சாம்பல் கிண்ணத்தை நீட்டியும் சுருட்டை விடவில்லை. கார்ஷ் கேமராவுக்குத் திரும்பினார், எல்லாவற்றையும் சரிபார்த்தார், காத்திருந்தார். பிறகு முன்னே சென்று, “மன்னியுங்கள், ஐயா” என்று சொல்லிச் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டார். திரும்பி வருவதற்குள் அந்த முகம் தன்னை விழுங்கிவிடும்போல் மாறியிருந்தது என்று பின்னாளில் எழுதினார். ஷட்டரை அழுத்தியது அந்தக் கணத்தில். சினம் தணிந்த சர்ச்சில் இன்னொரு படத்துக்கும் இடம் கொடுத்து, “உறுமும் சிங்கத்தையும் அசையாமல் நிற்கவைத்துப் படமெடுத்துவிடுகிறீர்கள்” என்றாராம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் கார்ஷைத் துணிச்சல்காரராகவே காட்டுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கிண்ணத்தை நீட்டியதும், காத்திருந்ததும், கையை நீட்டும்போதே மன்னிப்புக் கேட்டதும்தான் அவருடைய இயல்பு. சுருட்டைப் பறித்தது அந்த இயல்புக்குள் ஒரே ஒருமுறை நேர்ந்த மீறல். படமெடுக்கப் போகிறவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டே போவார், விளக்குகளை முன்னதாகவே நிறுத்திவைப்பார். அந்த ஆயத்தம் இல்லாதிருந்தால், பறித்த சுருட்டோடு அவர் வெறுங்கையாகத்தான் வெளியே வந்திருப்பார்.

31 டிசம்பர், செவ்வாய்

ஆண்டின் இதே கடைசி நாளில்தான், பதின்ம வயதுப் பையனாகக் கார்ஷ் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வந்திறங்கினார். ஒட்டோமான் ஆட்சியிலிருந்த மார்டினில் 1908இல் பிறந்த ஆர்மீனியர் அவர். இனப்படுகொலையில் உறவினரைப் பறிகொடுத்து, 1922இல் குடும்பத்தோடு அலெப்போவுக்குத் தப்பியவர். பெய்ரூட்டிலிருந்து தனியாகக் கப்பலேறி வந்த அவரைத் தாங்கிக்கொண்டவர், கியூபெக்கின் ஷெர்புரூக்கில் ஸ்டூடியோ வைத்திருந்த தாய்மாமன் ஜார்ஜ் நகாஷ். மருத்துவராக வேண்டும் என்ற ஆசை, மாமனின் ஸ்டூடியோவில் திசை மாறியது. கடல் கடந்து வந்து, ஒரு மாமாவின் வீட்டில் பாய் விரித்துப் படுத்து வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் எங்களிலும் பலர் உண்டு. இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் சற்று நிறுத்திவிட்டுத்தான் தொடர முடிகிறது.

மாமன் அவரை 1928இல் பாஸ்டனுக்கு, ஜான் கரோ என்ற ஆர்மீனிய ஒளிப்படக் கலைஞரிடம் அனுப்பினார். ஆறு மாதத்துக்கென்று போனவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தங்கினார். கரோ இயற்கை ஒளியில் மட்டுமே வேலை செய்வார்; வெளிச்சம் மங்கியதும் ஸ்டூடியோவில் இசைக்கலைஞர்களும் நடிகர்களும் கூடுவார்கள். அவர்களுக்குப் பானம் எடுத்துக் கொடுத்தபடியே அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் கார்ஷ். பெரிய மனிதர்களிடம் மரியாதை குறையாமலும் மிரளாமலும் பேசும் பழக்கம் அங்கேதான் படிந்திருக்க வேண்டும்.

1932இல் ஒட்டாவாவில் சொந்த ஸ்டூடியோ திறந்தார். அந்நகரின் அமெச்சூர் நாடக அரங்கில்தான் செயற்கை விளக்கின் வலிமையைக் கண்டார். முதல் மனைவி சோலாஞ்சைச் சந்தித்ததும் அங்கேதான். கவர்னர் ஜெனரல் பெஸ்பரோவையும் மனைவியையும் எடுக்க வாய்ப்பு வந்தபோது, பதற்றத்தில் ஃபோகஸ் பிசகி, படம் கெட்டுப்போனது. மீண்டும் ஒருமுறை அனுமதி கேட்டார், கிடைத்தது, அந்தப் படங்கள் பிரிட்டிஷ் இதழ்களில் வெளியாயின. தோற்ற இடத்துக்கே திரும்பிப் போய்க் கேட்ட அந்த மனத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

1 ஜனவரி 2025, புதன்

நாள் முழுவதும் பாப்லோ கஸால்ஸின் படத்தோடு கழிந்தது. 1954இல் பிரான்சின் பிராத் ஊரருகே ஒரு பழைய மடாலயத்தில் எடுத்தது. செல்லோ வாசிக்கும் அந்தக் கிழவர் நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். வெறும் கற்சுவர், மிக உயரத்தில் சிறியதொரு சன்னல். முகத்தை எடுப்பதையே தொழிலாகக் கொண்டவர், இசையில் கரைந்து, ஒருவரை முதுகுப்புறமிருந்து எடுத்தது இந்த ஒருமுறைதான். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இதை வைத்திருந்தபோது, நாள்தோறும் வந்து இதன் முன் நின்ற முதியவர் ஒருவரிடம் காரணம் கேட்டார்களாம், “பேசாதே தம்பி, நான் இசை கேட்டுக்கொண்டிருப்பது தெரியவில்லையா?” என்றாராம்.

கார்ஷ் பெரியவர்களை மேலும் பெரியவர்களாக்கிக் காட்டினார் என்ற குறையும் உண்டு. நான் அதை முழுதாக மறுக்க மாட்டேன்; அரசியல் தலைவர்களின் படங்கள் சிலவற்றில் சிலையின் இறுக்கம் இருக்கிறது. ஆனால் 1957இல் கியூபாவில் எடுத்த எழுத்தாளர் ஹெமிங்வேயைப் பாருங்கள். தடித்த கம்பளிச் சட்டைக்கு மேலே, எங்கோ பார்க்கும் தயங்கிய கண்கள். தான் படமெடுத்தவர்களிலேயே மிகக் கூச்சமான மனிதர் அவர்தான் என்று கார்ஷ் சொன்னதை அந்தக் கண்கள் ஒப்புக்கொள்கின்றன. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட அமர்வுகளுக்குப் பிறகும், எதிரே இருப்பவரின் கூச்சம் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

2 ஜனவரி, வியாழன்

நாற்பது ஆண்டுகள் தையல் வேலை செய்த அம்மா ஒருவர் இன்று படமெடுத்துக்கொள்ள வந்தார். கைகளை மடியில் ஒளித்துவைத்தே அமர்ந்தார். சிறிய விளக்கொன்றைத் தாழ்த்தி, கைகளுக்கென்று தனியாக நிறுத்திவிட்டு, கேமராவைத் தொடாமல், பட்டுத்துணியை எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டேன். சொல்லத் தொடங்கினார். சற்று நேரத்தில் இரண்டு கைகளும் வெளிச்சத்துக்குள் வந்து, இல்லாத துணியை நீவிக்கொண்டிருந்தன.