கல்மதிலுக்குப் பக்கத்தில

நேற்றிரவு வெள்ளவத்தை வீட்டில எல்லாருமா இருந்து இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில இருக்கிற ஐல் ஒஃப் மான் தீவில நடக்கிற டிடி எண்ட பைக் பந்தயத்தைப் பற்றின ஆவணப்படம் பார்த்தம். 1907இல தொடங்கினது. ஒரு சுற்று 60 கிலோமீற்றருக்கு மேல, அதுவும் ஊர்ச்சனம் நாளாந்தம் போய்வாற றோட்டில.

தம்பிக்கு அந்த வேகம்தான் பிடிச்சது. அம்மா பாதியில எழும்பிட்டா: "பெத்தவள் எப்பிடியடா பாத்துக்கொண்டு நிப்பாள்?" ரெண்டு பேரும் சொல்லுறது சரியெண்டுதான் எனக்குப் படுது. தோள் கல்மதிலில உரசுற மாதிரிப் போற இடத்தில எனக்கு மூச்சே நிண்டிட்டுது. ஹெல்மெட் கண்ணாடி முழுக்கப் பூச்சி அப்பிக் கிடக்கு.

இதில 26 தரம் வெண்ட ஜோய் டன்லப், 2000இல எஸ்தோனியாவில வேறொரு பந்தயத்திலதான் செத்தவர். அதைச் சொன்னன். அம்மா ஒண்டும் பேசேல்ல. படுக்கப் போகேக்க தம்பியின்ர பைக் திறப்பை எடுத்துத் தன்ர அலுமாரிக்குள்ள வைச்சா.