பிக்கப்பில் எவ்வளவு ஏற்றலாம்? எடைச் சீட்டைக் கேளுங்கள்

"ஒன்றரை டன் வண்டி" என்று ஷோரூமில் சொன்ன எண்ணை நம்பி ஏற்றுகிறவர்கள் கடலூர் முதுநகர் முதல் புதுச்சேரி தேங்காய்த்திட்டு வரை நிறையப் பேர். அது கூண்டு கட்டாத, ஆள் ஏறாத வண்டிக்கான கணக்கு. கூண்டு, தார்ப்பாய், லோடுமேன் எல்லாம் அதிலிருந்துதான் கழியும். பின்னால் படகு டிரெய்லர் மாட்டினால் இன்னும் கொஞ்சம் கழியும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஆர்.சி.யில் லேடன் எடை (சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை) என்று இருப்பதுதான் வரம்பு. அன்லேடனை, அதாவது காலி வண்டி எடையை, மறந்துவிடுங்கள், பதிவுக்குப் பிறகு கட்டிய கூண்டு அதில் இருக்காது. டேங்க் நிறைய டீசல், ஸ்டெப்னி, ஜாக்கியோடு டிரைவரை உட்கார வைத்து எடை மேடையில் ஏற்றுங்கள். முழு வண்டிக்கு ஒரு சீட்டு, முன் சக்கரம் மட்டும் ஒன்று, பின் சக்கரம் மட்டும் ஒன்று.

லேடன் 2,900 கிலோ, சீட்டில் 1,750 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,150. லோடுமேன் இருவர் 130, கயிறும் தார்ப்பாயும் 30 போக 990. டிரெய்லரும் படகும் சேர்ந்து 900 கிலோ என்றால் அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 90 முதல் 135 வரை, வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி மேல் அழுத்த வேண்டும். 100 என்று எடுத்தால் பிக்கப்பின் சரக்குத் தொட்டியில் வைக்க 890தான் மிச்சம்.

மீன் என்றால் பெட்டிக்கு 25 கிலோ மீன், வெயில் காலத்தில் அதே அளவு ஐஸ், பெட்டி 3 கிலோ, ஆக 53. பதினாறு பெட்டியோடு நிறுத்த வேண்டும். அதில் மீன் 400 கிலோதான். மீனை மட்டும் எண்ணி முப்பது பெட்டி அடுக்குவார்கள், அப்புறம் டயர் கம்பெனியைத் திட்டுவார்கள்.

கொக்கியின் 100 கிலோ பின் அச்சில் 100 ஆக இறங்காது. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால் என்றால், பின் அச்சில் 140 கூடும், முன் அச்சில் 40 குறையும். ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆவது இதனால்தான். அதனால் எல்லாம் ஏற்றிய பிறகும் பின் அச்சைத் தனியாக எடை போட்டு, அச்சு வரம்போடும் டயரோடும் ஒப்பிடுங்கள். டயர் ஓரத்தில் சுமைக் குறியீடு 102 என்று இருந்தால் ஒரு டயருக்கு 850 கிலோ, இரண்டுக்கு 1,700. அதுவும் காற்று சரியாக இருந்தால்.

கொக்கி எடையை அளக்க எடை மேடை உதவாது. 5, 10 கிலோ தாண்டித்தான் நகரும். வீட்டுத் தராசு போதும். ஒரு பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை மூன்றடி தள்ளித் தராசு மேல். செங்கலிலிருந்து ஓரடியில் டிரெய்லரின் மூக்கை, கொக்கி உயரத்துக்கே முட்டுக் கொடுத்து இறக்குங்கள். மூக்கை இறக்குமுன் பலகைக்கு மட்டும் தராசு காட்டிய எடையைக் கழித்து, வரும் எண்ணை மூன்றால் பெருக்குங்கள். 90க்குக் கீழே வந்தால் படகை முன்னே தள்ளுங்கள். இல்லாவிட்டால் பெண்ணையாற்றுப் பாலத்துக் காற்றில் டிரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

படகுக்குள் தேங்கிய தண்ணீரையும் பாருங்கள். 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் 5 சென்டிமீட்டர் நின்றால் 240 கிலோ. பிரேக் போட்டதும் அத்தனையும் முன்னால் ஓடும். அடைப்பானைக் கழற்றி வடித்த பிறகே எடை போடுங்கள்.

கமான் பட்டை (ஸ்பிரிங் பட்டை) ஒன்று கூடுதலாகப் போட்டால் வண்டி குனியாது, அவ்வளவுதான். பிரேக், அச்சு, டயர், ஆர்.சி. எதுவும் மாறாது. கையேட்டில் இழுவை எடை என்ற வரியே இல்லாத வண்டிக்குக் கொக்கி பற்றவைப்பதும் அப்படித்தான். டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. கூடுதல் சரக்கையும் அங்கேயே இறக்க வேண்டும்.

புறப்பட்டுச் சில கிலோமீட்டரில், ரெட்டிச்சாவடி பக்கம் ஓரங்கட்டி டிரெய்லர் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் உப்புத் தண்ணீர் புகுந்திருக்கலாம். சூடான ஹப்போடு தண்ணீரில் இறக்கினால் அது குளிரும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குங்கள்.