செப்டம்பர் 16: ஆன் பிராட்ஸ்ட்ரீட்டை நான் படித்த விதம்

கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கு ஆங்கில இலக்கியம் படிக்கும்போது, அமெரிக்கக் கவிதை என்றால் விட்மன், டிக்கின்சன் என்று ஓடிவிடுவோம். அவர்களுக்கு இருநூறு ஆண்டு முன்பே மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் எட்டுப் பிள்ளைகளை வளர்த்தபடி கவிதை எழுதியவர் ஆன் பிராட்ஸ்ட்ரீட். முதல் முறை நான் அவருடைய கவிதை நூலைப் பற்றிக் கைடில் இருந்த ஒரு வரியைத்தான் மனப்பாடம் செய்தேன்: 'தி டென்த் மியூஸ், லண்டன், 1650'. மாதிரித் தேர்வில் 1678-ம் ஒரு விடையாக வந்ததும் குழம்பிவிட்டேன்.

அடுத்த முறை, அவருடைய நினைவு நாளான செப்டம்பர் 16 அன்று (இறந்தது 1672-ல்) கைடை மூடி வைத்துவிட்டு, அவர் கவிதைகளையே வாய்விட்டுப் படித்தேன்.

முதலில் எடுத்தது, தன் புத்தகத்தைப் பார்த்து அவர் பேசும் கவிதை. தங்கை கணவர் ஜான் உட்பிரிட்ஜ் கையெழுத்துப் பிரதியை லண்டனுக்குக் கொண்டுபோக, அது அச்சாகிவிட்டது. நண்பர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்கிறார் ஆன். அழுக்குக் குழந்தையாகத் திரும்பி வந்த புத்தகத்துக்கு முகம் கழுவுகிறார். ஒரு கறையைத் தேய்த்தால் இன்னொரு பழுது தெரிகிறது. கால்கள் சமமாக இருக்கட்டும் என்று மூட்டுகளை இழுத்துவிடுகிறார், அப்படியும் நொண்டுகிறது. ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்பது பாதமும்தான், யாப்பு உறுப்பும்தான். நமக்கும் 'அடி' என்றால் இரண்டும் உண்டே! அந்த இடத்தில் என்னை அறியாமல் சிரித்தேன். பாருங்கள், இது அச்சான புத்தகத்தைத் திருத்தும் கவிதை. அதனால் 1650 பதிப்பில் இருக்க முடியாது. அவர் இறந்த பிறகு பாஸ்டனில் வந்த 1678 பதிப்பில்தான் வந்தது. அப்புறம் அந்த இரண்டு ஆண்டுகளும் எனக்குக் குழம்பவே இல்லை.

'முன்னுரை' கவிதையில், இந்தக் கைக்குப் பேனாவைவிட ஊசிதான் பொருத்தம் என்பவர்களுக்குப் பதில் சொல்கிறார். அதில் வரும் 'அப்நாக்ஷியஸ்' என்ற சொல்லுக்கு 'வெறுப்பூட்டும்' என்ற இன்றைய பொருளைக் கொள்ளாதீர்கள். 'ஏச்சுக்கு ஆளானவள்' என்பதே அங்கே பொருள்.

வீடு எரிந்த கவிதைக்கு நாள் 1666 ஜூலை 10. அதே ஆண்டு செப்டம்பரில்தான் லண்டன் பெருந்தீ. அந்தத் தீயைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் டிரைடனோடு சேர்த்து நினைவில் வைக்கலாம். ஆனால் என் மனதில் நின்றது ஆண்டு அல்ல. சாம்பலைக் கடந்து போகும்போது, இங்கே டிரங்குப் பெட்டி இருந்தது, அங்கே பெட்டகம் இருந்தது என்று அவர் கண்கள் தேடுவதுதான்.

பொருத்துக வகைக் கேள்விக்கு இன்னும் இரண்டு: அமெரிக்கக் கவிஞர் ஜான் பெரிமன் ஆனுக்கு எழுதிய நீள்கவிதை 1956-ல் நூலானது, இன்னொரு தொடக்ககால அமெரிக்கப் பெண் கவிஞரான ஃபிலிஸ் வீட்லியின் தொகுப்பு 1773, ஆனை அவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், அந்த அழுக்குக் குழந்தையிடம்தான். 24 வரி, ஒரு பஸ் பயணத்தில் இரண்டு முறை படித்துவிடலாம்.